ஒன்பது மேலே வரவில்லை

பன்னிரண்டு கருவிகளைப் போன ஆண்டு இறக்கினோம்,
மன்சனீயோ துறையிலிருந்து நான்கு நாள் தெற்கே,
இரண்டரை கிலோமீட்டர் இருட்டுக்குக் கீழே.
இப்போது ஒவ்வொன்றாய்க் கூப்பிடுகிறேன்.
ஒலியாய்த்தான் கூப்பிட வேண்டும், வேறெதுவும் அங்கே எட்டாது.
போக ஒன்றே முக்கால் நொடி, திரும்ப ஒன்றே முக்கால்.
இடையில் கப்பலே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஏழு மிதந்து வந்தன.
நான்கு பேசவே இல்லை.
ஒன்பதாவது பேசியது.
"விடு" என்றேன். "விட்டேன்" என்றது.
கம்பி அறுந்துவிட்டதாம், எடைக்கல் கழன்றுவிட்டதாம்.
தளத்தில் கிரெசென்சியோ கொக்கிக்கழியோடு நின்றான்
ஒரு மணி, இரண்டு மணி, வெயில் சாயும்வரை.
தூரம் மாறவில்லை: இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்து.
விட்ட பிறகும் வராத ஒன்றை
என்ன செய்வதென்று கையேட்டில் இல்லை.

இரவில் கேமராவை வடத்தில் இறக்கினோம்.
முதலில் சலித்த சோளமாவாய் வெள்ளைத் துகள்கள்.
பிறகு தரை.
போன ஆண்டுப் படத்தில் இங்கே குழாய்ப்புழுக் காடு,
சிவப்பு நாக்குகளை நீட்டிக்கொண்டு.
இப்போது கறுப்புக் கண்ணாடி,
யாரோ தலையணைகளை அள்ளிக் கொட்டியதுபோல்
உருண்டு, பிதுங்கி, ஒரு தூசு படியாமல்.
"என் மகன் பல் முளைத்தபோது இந்தத் தரை கிடையாது"
என்றாள் மாகலி, திரையைத் தொட்டு.
நடுவில், இடுப்புவரை புதைந்து,
மஞ்சள் தொப்பியோடு ஒன்பது.

நெருப்பு மூட்டியவர் யாருமில்லை இங்கே.
பள்ளியில் நான் வரைந்த படத்தில்
பூமிக்கடியில் ஓர் அடுப்பு எரியும்.
அடுப்பில்லை.
தட்டுகள் இரண்டும் இரு பக்கம் விலக
அடியிலிருந்த பாறை மேலேறுகிறது,
ஏற ஏறத் தலைமேல் பாரம் குறைகிறது,
குறைந்ததும் இளகிவிடுகிறது.
சூடு கூடவில்லை. சுமை குறைந்தது, அவ்வளவுதான்.
(இதை என் நாட்குறிப்பில் எழுதத் தோன்றியது. எழுதவில்லை.)
இளகியது விரிசல் வழியே எழும்பும்,
குளிர்ந்த நீர் தொட்டதும் தோல் கட்டும்,
தோல் வெடித்து இன்னொரு தலையணை பிதுங்கும்.
உறையும்போதே வடக்கு எதுவென்று
தன் இரும்புத் துகளில் குறித்துக்கொள்ளும்.
பிறகு பிளந்து, பாதி மேற்கே, பாதி கிழக்கே.

இரண்டு ஆண்டுக்கு ஒரு சாண்.
எண்சாண் உடம்பொன்று குறுக்கே படுக்குமளவு விரிய
இந்தக் கடலுக்குப் பதினாறு ஆண்டு பிடிக்கும்.

காலையில் வாரியெடுத்த கூடையில் கண்ணாடிச் சில்லுகள்.
கிரெசென்சியோ ஒன்றை எடுத்தான்.
"கிழக்கே போவது எங்கே போய் முடியும்?"
மாகலி வரைபடத்தில் விரலை நகர்த்தினாள்.
பினோத்தெபாவுக்கு எதிரே, கரையோரப் பள்ளத்தில், விரல் நின்றது.
"இங்கே உள்ளே இறங்கும். உன் ஊருக்கு அடியில்."
அவன் சிரிக்கவில்லை.
அவன் வீட்டுச் சுவர் மூன்று தடவை வெடித்திருக்கிறது,
மூன்றாம் தடவை தங்கையின் கட்டில்மேல்.
அன்று ஆட்டியது
இதற்கு வெகுமுன்னே இங்கிருந்து கிளம்பிய தரை.
சந்தையில் தக்காளி பார்ப்பதுபோல்
சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது எப்போது வந்து சேரும்?"
"ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்."
"அப்படியென்றால் சுவரைப் பூசிவிடலாம்."
சில்லை மட்டும் அவன் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: மீட்டது, இழந்தது.
இரண்டிலும் பேனா இறங்க மறுத்தது.
கப்பல் திரும்பும் முன் கடைசியாய்க் கூப்பிட்டேன்.
ஒன்றே முக்கால். ஒன்றே முக்கால்.
"இங்கே" என்றது ஒன்பது.
மின்கலம் தீரும்வரை இப்படிச் சொல்லும்.
அதன்பின், அடுத்த பிளவு
தனக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாய்
சொல்லாமல் போகும்.